டிஸப்பியர்: மறைந்ததா, மறைத்ததா, காணாமல் போனதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘டிஸப்பியர்’ என்றால் என்ன பொருள்?

இரண்டு பொருள். கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்த ஒன்று தெரியாமல் போவது முதலாவது. இருந்த ஒன்று இல்லாமலே போவது இரண்டாவது. கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பேருந்து முதல் வகை. பேருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. தெருவில் அம்மி கொத்த வருபவர் இரண்டாம் வகை. அந்தத் தொழிலே இல்லாமல் போய்விட்டது.

தமிழில் இதற்கு மறை, காணாமல் போ, மாயமாகு, இல்லாமல் போ, வழக்கொழி என்று பல சொற்கள் உண்டு. அகராதி எல்லாவற்றையும் ஒரே வரியில் அடுக்கிவிடும். எந்த இடத்துக்கு எது என்று சொல்லாது. பெரும்பாலான பிழைகள் அங்கேதான் பிறக்கின்றன.

எழுத்தில் எஸ் ஒன்றா இரண்டா? பி ஒன்றா இரண்டா?

எஸ் ஒன்று, பி இரண்டு. முழுச் சொல்: டி, ஐ, எஸ், ஏ, பி, பி, இ, ஏ, ஆர். மொத்தம் ஒன்பது எழுத்து.

மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ‘அப்பியர்’ என்ற சொல்லை முதலில் எழுதுங்கள். அதில் ஏற்கெனவே இரண்டு பி இருக்கிறது. அதன் முன்னால் மூன்றெழுத்து ‘டிஸ்’ஸை ஒட்டுங்கள். சொல் ஏ-யில் தொடங்குவதால் எஸ் இரட்டிக்க வழியே இல்லை. ‘டிஸ்ஸாடிஸ்ஃபைட்’ என்பதில் இரண்டு எஸ் வரக் காரணம், ‘சாடிஸ்ஃபைட்’ எஸ்ஸில் தொடங்குவதுதான். ‘டிஸப்பாயிண்ட்’ எழுதத் தடுமாறுபவர்களுக்கும் இதே வழி உதவும்.

உச்சரிப்பு?

டிஸ்–அ–பியர். அழுத்தம் கடைசி ‘பியர்’ மேல். நடுவில் வரும் ‘அ’ மிக மெலிதாக ஒலிக்கும். இறந்தகாலத்தில் ‘டிஸப்பியர்ட்’ என்று முடிக்கவேண்டும், ‘டிஸப்பியரெட்’ என்று தனி அசையாக இழுக்கக்கூடாது. கடைசி ஒலி ‘வண்டி’யில் வரும் ‘டி’யைப் போல மென்மையானது, ‘பட்டு’வில் வரும் வல்லொலி அல்ல.

சொல் எங்கிருந்து வந்தது?

‘அப்பியர்’ லத்தீன் வழி வந்த சொல், பொருள் தென்படு. முன்னால் வரும் ‘டிஸ்’ அதைத் திருப்பிப் போடுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து ஆங்கிலத்தில் இருக்கிறது.

‘ஹி டிஸப்பியர்ட் தி மணி’ என்று எழுதினால் ஏன் தவறு என்கிறார்கள்?

இந்தச் சொல்லில் செய்தவனுக்கு இடம் கிடையாது. மறைந்த பொருள்தான் எழுவாய். மறைத்தவனை உள்ளே கொண்டுவர வழியில்லை.

தமிழில் இந்தச் சிக்கல் இல்லை. மறைந்தது, மறைத்தது, கரைந்தது, கரைத்தது, கலைந்தது, கலைத்தது, அழிந்தது, அழித்தது. ந்த் வந்தால் தானாக நடந்தது, த்த் வந்தால் ஒருவர் செய்தது. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படித்ததுதான். ஒரே வேர், ஒரு மெய்யெழுத்து மாற்றம், வேலை முடிந்தது.

ஆங்கிலத்தில் வேறு ஏற்பாடு. சில வினைகள் உருவம் மாறாமல் இரண்டு வேலையும் பார்க்கும்: ‘தி கிளாஸ் புரோக்’ என்றால் டம்ளர் உடைந்தது, ‘ஐ புரோக் தி கிளாஸ்’ என்றால் நான் உடைத்தேன். ஓப்பன், மெல்ட், டிஸால்வ் எல்லாம் அப்படித்தான். இவற்றைப் பார்த்துப் பழகியவர்கள் டிஸப்பியரும் அப்படி நடந்துகொள்ளும் என்று நம்பிவிடுகிறார்கள். நடந்துகொள்ளாது. ‘மறைத்தான்’ என்பதற்கு ஆங்கிலம் வேறு சொல்லையே வைத்திருக்கிறது: ‘ஹி ஹிட் தி மணி’ (‘ஹைட்’டின் இறந்தகாலம், அடிக்கும் ‘ஹிட்’ அல்ல).

அப்படியானால் ‘மறையச் செய்தான்’ என்பதற்கு? ‘மேக்’கைத் துணைக்கு அழைக்கவேண்டும். நாணயத்தை மறைய வைக்கும் வித்தைக்காரருக்கு ‘ஹி மேட் தி காயின் டிஸப்பியர்’. நடுவில் ‘டு’ போடக்கூடாது; ‘மேட் தி காயின் டு டிஸப்பியர்’ தவறு. 1983-இல் டேவிட் காப்பர்ஃபீல்ட் சுதந்திர தேவி சிலையையும், 2000-இல் பி.சி. சர்க்கார் ஜூனியர் தாஜ்மஹாலையும் பார்வையாளர் கண்ணிலிருந்து மறைய வைத்துக் காட்டினார்கள். இரண்டையும் ‘மேட் ... டிஸப்பியர்’ என்றுதான் எழுதவேண்டும்.

சட்டம் எழுதியவர்களுக்கும் இதே நெருக்கடி இருந்திருக்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், 201-ஆம் பிரிவு: குற்றத்தின் சாட்சியத்தை மறையச் செய்தல். ஆங்கிலத் தலைப்பில் ‘காஸிங் டிஸப்பியரன்ஸ் ஆஃப் எவிடன்ஸ்’ என்று இருக்கும். வினையாக எழுத முடியாததால் பெயர்ச்சொல்லாக்கி, முன்னால் ‘காஸிங்’ என்று ஒரு வினையைப் போட்டுச் செய்தவனைக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 238-ஆம் பிரிவு, சொற்கள் அதே.

‘மை ஃபோன் இஸ் டிஸப்பியர்ட்’ சரியா?

சரியல்ல. செயப்படுபொருள் ஏற்காத வினைக்குச் செயப்பாட்டு வினை கிடையாது. ‘மை ஃபோன் ஹேஸ் டிஸப்பியர்ட்’ என்று எழுதுங்கள். ‘இஸ்’ஸே வேண்டும் என்றால் ‘மை ஃபோன் இஸ் கான்’ அல்லது ‘இஸ் மிஸ்ஸிங்’. ‘கான்’ இங்கே கிட்டத்தட்ட உரிச்சொல்லாகிவிட்டது, அதனால் ‘இஸ்’ஸோடு ஒட்டிக்கொள்கிறது.

‘அவர் மறைந்தார்’ என்பதை எப்படி மொழிபெயர்ப்பது?

இங்கே டிஸப்பியர் போட்டால் அபத்தம். தமிழில் பெரியவர் ஒருவர் மறைந்தார் என்றால் காலமானார் என்று பொருள். ‘பாஸ்ட் அவே’ அல்லது நேராக ‘டைட்’. ‘மறைந்த முதலமைச்சர்’ என்பது ‘தி லேட் சீஃப் மினிஸ்டர்’. ‘மறைவுக்கு இரங்கல்’ என்பதில் ‘டெத்’ அல்லது ‘டிமைஸ்’. இரங்கல் செய்தியை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டு, ‘ஹிஸ் டிஸப்பியரன்ஸ்’ என்று வந்ததைப் படிக்காமல் அனுப்பினால், படிப்பவர் போலீஸில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்பார்.

எதிர்த் திசையில் இதே பள்ளம் இன்னும் ஆழம். காணாமல் போன மாலுமியைப் பற்றிய ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும்போது ‘மாலுமி மறைந்தார்’ என்று எழுதிவிட்டால், உயிரோடிருக்கக்கூடியவரைக் கொன்றுவிடுகிறோம். மனிதர்களுக்கு ‘மறைந்தார்’ வேண்டாம். ‘காணாமல் போனார்’ என்றோ ‘மாயமானார்’ என்றோ எழுதுங்கள்.

‘மறை’ இன்னும் இரண்டு இடங்களில் காலை வாரும். சூரியன் மறைந்தது என்பது ‘தி சன் செட்’. ‘தி சன் டிஸப்பியர்ட்’ என்றால் மேகத்துக்குள் போய்விட்டது என்று ஆங்கிலக் காது புரிந்துகொள்ளும். ‘தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றான்’ என்பது ‘ஹி ஹிட் பிஹைண்ட் தி பில்லர்’. அவன் வேண்டுமென்றே நிற்கிறான். டிஸப்பியர் அந்த எண்ணத்தைச் சொல்லாது. ஆக, தமிழின் ஒரே ‘மறைந்தான்’ ஆங்கிலத்தில் இடத்துக்கு ஏற்ப நான்காகப் பிரிகிறது: டிஸப்பியர், டை, செட், ஹைட்.

‘பேனாவைக் காணோம்’ – இதற்கு டிஸப்பியரா, மிஸ்ஸிங்கா, லாஸ்ட்டா?

‘காணோம்’ வேடிக்கையான சொல். ‘காண்’ வினையின் பழைய எதிர்மறை. நாங்கள் காணவில்லை என்பது அதன் நேர்ப்பொருள். ‘பேனாவை’ என்று ஐ உருபு வருவதற்கும் அதுவே காரணம். பேனா எங்கும் போகவில்லை, தேடுகிற நமக்குத்தான் தென்படவில்லை என்ற தோரணை. இதற்கு மிக அருகில் இருப்பது ‘மிஸ்ஸிங்’: ‘மை பென் இஸ் மிஸ்ஸிங்’.

மிஸ்ஸிங் ஒரு நிலை. டிஸப்பியர் ஒரு நிகழ்ச்சி. அது நடந்த கணம் ஒன்று உண்டு. அதனால் காலக் குறிப்பு மாறும். ‘செவ்வாய்க்கிழமையிலிருந்து காணோம்’ என்றால் ‘இட் ஹேஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் டியூஸ்டே’. ‘செவ்வாய்க்கிழமை காணாமல் போனது’ என்றால் ‘இட் டிஸப்பியர்ட் ஆன் டியூஸ்டே’. இரண்டையும் குழைத்து ‘ஹேஸ் பீன் டிஸப்பியர்ட் சின்ஸ்’ என்று எழுதுவதுதான் அலுவலக மின்னஞ்சல்களில் அதிகம் கண்ணில் படும் பிழை.

‘லாஸ்ட்’டில் பொறுப்பு நம் தலையில் விழும். ‘ஐ லாஸ்ட் மை பாஸ்போர்ட்’, நான் தொலைத்தேன். ‘மை பாஸ்போர்ட் வாஸ் ஸ்டோலன்’, திருடு போனது. ‘மை பாஸ்போர்ட் டிஸப்பியர்ட்’ என்பது இரண்டும் இல்லை. எப்படிப் போனதென்றே சொல்லவில்லை. புகார் மனுவிலும் காப்பீட்டுப் படிவத்திலும் டிஸப்பியரைத் தவிருங்கள். தொலைத்ததா திருடு போனதா என்பதை வைத்துத்தான் அங்கே அடுத்த நடவடிக்கை முடிவாகும்.

அதே காரணத்தால் பொறுப்பைத் தட்டிக்கழிக்க நினைப்பவர்களுக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும். ‘தி ஃபைல் ஹேஸ் டிஸப்பியர்ட்’ என்று ஒரு குறிப்பு வந்தால், கோப்புக்குக் கால் முளைத்துப் போனதுபோல இருக்கும். எடுத்தது யார் என்ற கேள்வியை நாம்தான் தனியாகக் கேட்கவேண்டும்.

ஆள் காணாமல் போனால் எந்தச் சொல்?

காவல்துறையில் ‘மிஸ்ஸிங்’. காணவில்லை என்ற சுவரொட்டியின் தலைப்பும் அதுவே. தேடப்படும் குற்றவாளி ஓடி ஒளிந்திருந்தால் ‘அப்ஸ்காண்டிங்’, தமிழில் தலைமறைவு. கடன் வாங்கிவிட்டுக் கம்பி நீட்டியவரையும் ‘அப்ஸ்காண்டட்’ எனலாம். குற்றமோ கடனோ இல்லாதவரைப் பற்றி அப்படி எழுதினால் அவதூறு.

சம்பவத்தை விவரிக்கும்போது ‘டிஸப்பியர்’ சரியாகப் பொருந்தும்: ‘ஷி டிஸப்பியர்ட் ஆன் ஹெர் வே ஹோம்’. பத்திரிகை நடையில் ‘வென்ட் மிஸ்ஸிங்’கும் சரிசமமாகப் புழங்குகிறது.

ஒரு சட்டக் குறிப்பு: ஏழு ஆண்டுகளாக, சாதாரணமாகத் தகவல் தெரிந்திருக்கவேண்டியவர்களுக்கே ஒருவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கவேண்டும். முன்பு 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 108-ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 111. அந்தப் பிரிவில் டிஸப்பியர், மிஸ்ஸிங் இரண்டுமே கிடையாது. ‘தகவல் கேட்கப்படாதவர்’ என்றுதான் வாசகம் போகிறது.

செய்தித்தாள் போடும் ‘மாயம்’ சரியான மொழிபெயர்ப்பா?

‘மாணவி மாயம்’, ‘படகு மாயம்’, ‘நகை மாயம்’. தலைப்பில் இடம் மிச்சம் என்பதால் வந்த வழக்கு. இரண்டு சீரில் முடிந்துவிடும். தலைப்புக்குப் பழுதில்லை. ஆனால் மாயம் என்ற சொல்லில் மந்திர வாடை இருக்கிறது. காரணம் புலப்படவே இல்லை என்ற குறிப்பும் இருக்கிறது. அதனால் விமானத்துக்கும் கப்பலுக்கும் அது பிரமாதமாகப் பொருந்தும். வீட்டில் கோபித்துக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போன பையனுக்குப் பொருந்தாது.

பொருந்தும் இடத்துக்கு எடுத்துக்காட்டு: 2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்கு 239 பேருடன் கிளம்பிய எம்எச்370 விமானம். ‘டிஸப்பியர்ட் ஃப்ரம் ரேடார்’ என்பதுதான் அப்போது உலகம் முழுவதும் ஓடிய சொற்றொடர். இரண்டு ஆண்டு கழித்து, 2016 ஜூலை 22 அன்று, தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் போன விமானப்படையின் ஏஎன்-32 வங்கக் கடலுக்கு மேல் மாயமானது. அதன் சிதைவுகள் எனக் கருதப்படுபவை கடலடியில் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் தென்பட்டதாக 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. படம் எடுத்தது தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம். ஏழரை ஆண்டு அந்த விமானம் ‘மிஸ்ஸிங்’. அது ‘டிஸப்பியர்’ ஆனதோ அந்த ஒரு காலை நேரத்தில். முந்தைய கேள்வியில் சொன்ன நிலை–நிகழ்ச்சி வேறுபாடு இதுதான்.

டிஸப்பியருக்குப் பின்னால் எந்த முன்னிடைச்சொல்?

எங்கிருந்து என்றால் ‘ஃப்ரம்’: பட்டியலிலிருந்து பெயர் காணாமல் போனது, ‘டிஸப்பியர்ட் ஃப்ரம் தி லிஸ்ட்’. எதற்குள் என்றால் ‘இன்டு’: கூட்டத்தில் கலந்து மறைந்தான், ‘டிஸப்பியர்ட் இன்டு தி கிரவுட்’. தமிழில் ‘கூட்டத்தில்’ என்று ‘இல்’ வருவதால் கை தானாக ‘இன்’ போடும். ‘இன்’ போட்டால் முழுப் பிழையில்லை, ஆனால் கூட்டத்துக்குள் நுழையும் அசைவு போய்விடும். பின்னால் என்றால் ‘பிஹைண்ட்’, நீருக்கடியில் என்றால் ‘பினீத்’ அல்லது ‘அண்டர்’. எங்கே போய்த் தொலைந்தாய் என்று செல்லமாகக் கேட்க ‘வேர் டிட் யூ டிஸப்பியர் டு?’, இதில் கடைசி ‘டு’வை விட்டுவிடாதீர்கள்.

சுவடு தெரியாமல் என்பதற்கு ‘வித்அவுட் ட்ரேஸ்’, ‘வித்அவுட் எ ட்ரேஸ்’ இரண்டும் வழக்கில் உண்டு.

வேனிஷ், ஃபேட், எவாபரேட் எல்லாம் இதே பொருள்தானே?

வேகம் வேறு. டிஸப்பியர் பொதுச்சொல், நொடியில் மறைந்தாலும் நூறாண்டில் மறைந்தாலும் செல்லும். வேனிஷ் சட்டென்று நடப்பது, காரணம் பிடிபடாதது. தட்டில் ஏற்றிய கற்பூரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: சாம்பலும் இல்லை, கரியும் இல்லை. அது வேனிஷ். அதே தட்டில் ஊதுபத்திப் புகை மெல்ல மெல்ல மெலிந்து தெரியாமல் போவது ஃபேட். ஃபேட் நிறத்துக்கும் ஒலிக்கும் நினைவுக்கும் உரியது. சாயம் வெளுத்த வேட்டிக்கு ‘ஃபேடட்’ என்று சொல்லலாம், ‘டிஸப்பியர்ட்’ என்றால் வேட்டியே போய்விடும்!

வேனிஷும் செய்தவனை ஏற்காத வினைதான். ‘மேக்’ விதி அதற்கும் பொருந்தும்.

எவாபரேட் நீருக்கு ஆவியாதல். நம்பிக்கை, ஆதரவு, கையிருப்பு இவற்றுக்கும் அணியாக வரும். கூட்டம் கலைவதற்கு ‘மெல்ட் அவே’ அல்லது ‘டிஸ்பர்ஸ்’. தானாகக் கரைந்தால் முன்னது, போலீஸ் கலைத்தால் பின்னது. மருத்துவரிடம் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். வலி போய்விட்டது என்றால் ‘தி பெயின் ஹேஸ் கான்’ போதும். வீக்கம் வடிந்தது ‘வென்ட் டவுன்’. பல் பிடுங்கும்போது போட்ட மரப்பு ஊசியின் வேலை தீர்ந்தது ‘வோர் ஆஃப்’. எல்லாவற்றுக்கும் டிஸப்பியர் போட்டாலும் புரிந்துகொள்வார்கள்தான். ஆனால் வீக்கம் பாதி வடிந்ததை ‘டிஸப்பியர்’ சொல்ல முடியாது. அது முழுக்கப் போனால்தான் அந்தச் சொல்.

அழிந்துபோன விலங்குக்கும் மொழிக்கும் டிஸப்பியர் போடலாமா?

போடலாம், ஆனால் எல்லையைச் சொல்லிவிட்டுப் போடுங்கள். ‘சீட்டாஸ் டிஸப்பியர்ட் ஃப்ரம் இந்தியா’ சரி. இந்தியாவில் சிவிங்கிப்புலி அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் அது இருந்தது, இருக்கிறது. உலகத்திலேயே ஒன்றுகூட இல்லை என்றால் ‘எக்ஸ்டிங்க்ட்’, டோடோ பறவை போல. எக்ஸ்டிங்க்ட் உரிச்சொல். ‘எக்ஸ்டிங்க்டட்’ என்று ஒரு சொல் கிடையாது. ‘பிகேம் எக்ஸ்டிங்க்ட்’ என்று எழுதவேண்டும். வழக்கமும் மொழியும் கொஞ்சம் கொஞ்சமாக ஒழிவதற்கு ‘டை அவுட்’ நன்றாக இருக்கும்.

இலக்கணத்தில் ஓர் எழுத்து மறைவதற்கு நம்மிடமே துல்லியமான சொல் உண்டு. தோன்றல், திரிதல், கெடுதல் என்று புணர்ச்சி விகாரம் மூன்று. மரம் என்பதோடு வேர் சேர்ந்து மரவேர் ஆகும்போது மகர மெய் கெடுகிறது. இதை ஆங்கிலத்தில் சொல்ல ‘தி எம் டிராப்ஸ்’ போதும், ‘டிஸப்பியர்ஸ்’ஸும் பிழையில்லை. தோன்றலுக்கும் கெடுதலுக்கும் ‘அப்பியர்’, ‘டிஸப்பியர்’ என்று வைத்தால் இணை கச்சிதமாக அமைந்துவிடும்.

‘வாஸ் டிஸப்பியர்ட்’ என்று பெரிய ஆங்கில இதழ்களிலேயே வருகிறதே? விதி உடைந்துவிட்டதா?

ஒரே ஒரு பொருளில் உடைந்திருக்கிறது, வேண்டுமென்றே உடைத்திருக்கிறார்கள்.

அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் ஆட்களைப் பிடித்துப் போனார்கள். பிடித்துப் போகவே இல்லை என்று அரசு சொன்னது. ஸ்பானிய மொழியில் அவர்களுக்கு ‘தெஸபரெஸிதோஸ்’ என்று பெயர் வந்தது, காணாமல் போனவர்கள். 1977 ஏப்ரல் 30 அன்று புவெனஸ் ஐரிஸின் மாயோ சதுக்கத்தில் சில தாய்மார்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டு முதன்முதலாகக் கூடினார்கள். 1984-இல் தேசிய ஆணையம் கிட்டத்தட்ட 9,000 பேரைக் கணக்கெடுத்தது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண் 30,000.

இந்தச் செய்திகளை ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கு ‘ஹி டிஸப்பியர்ட்’ போதவில்லை. அது அரசு சொன்ன கதையையே திருப்பிச் சொல்கிறது: ஆள் தானாகப் போய்விட்டான் என்று. அதனால் ‘ஹி வாஸ் டிஸப்பியர்ட்’, ‘தே டிஸப்பியர்ட் ஹிம்’ என்று வினையை முறுக்கினார்கள். சொல்லில் இல்லாத இடத்தை உடைத்து, செய்தவனை உள்ளே உட்காரவைத்தார்கள். படிக்கும்போது காதில் உறுத்தும். உறுத்தவேண்டும் என்றுதான் அப்படி எழுதுகிறார்கள்.

இலங்கைத் தமிழில் இதே வேலை இன்னும் தெளிவாக நடந்திருக்கிறது. ‘காணாமல் போனோர்’ என்ற பழைய தொடரை உறவினர்கள் ஏற்கவில்லை. போகவில்லை, ஆக்கப்பட்டார்கள் என்றார்கள். ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்பது இப்போது அங்கே நிலைத்த தொடர். ‘போ’வை எடுத்துவிட்டு ‘ஆக்கு’ என்ற பிறவினையைச் செயப்பாட்டில் வைத்ததும் செய்தவன் ஒருவன் இருக்கிறான் என்பது வாக்கியத்துக்குள் வந்துவிட்டது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பிப்ரவரியில் குடும்பங்கள் தொடர் போராட்டம் தொடங்கியபோது பதாகைகளில் இருந்தது இந்தத் தொடர்தான். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அரசு அலுவலகத்தின் ஆங்கிலப் பெயரிலோ ‘மிஸ்ஸிங் பெர்ஸன்ஸ்’ என்றே இருக்கிறது. செய்திகளில் காணாமல் போனோர் அலுவலகம். எந்தத் தொடரை எடுக்கிறீர்கள் என்பதிலேயே யார் பக்கம் நின்று எழுதுகிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.

சர்வதேசச் சட்டத்தில் இதன் பெயர் ‘என்ஃபோர்ஸ்ட் டிஸப்பியரன்ஸ்’. ஐ.நா. உடன்படிக்கை 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டு 2010 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. மூன்று கூறுகள் சேரவேண்டும்: ஒருவரின் சுதந்திரம் பறிக்கப்படுவது, அரசின் ஆட்களோ அரசின் ஆதரவோ இசைவோ பெற்றவர்களோ அதைச் செய்வது, பிறகு பிடித்ததையே மறுப்பது அல்லது அவர் கதி என்ன, எங்கே இருக்கிறார் என்பதை மறைப்பது. பணத்துக்காக ஒரு கும்பல் கடத்தினால் அது ‘கிட்னாப்பிங்’, இது அல்ல. ஆகஸ்ட் 30 இவர்களுக்கான உலக நாள்.

இந்தப் பொருளுக்கு வெளியே ‘வாஸ் டிஸப்பியர்ட்’ வேண்டாம். தேர்வுத்தாளில் எழுதினால் மதிப்பெண் போகும்.

அப்பியரின் எதிர்ச்சொல் எப்போதும் டிஸப்பியரா?

இல்லை. தோன்று என்ற பொருளில் மட்டும்தான். ‘அப்பியர் இன் கோர்ட்’ என்றால் ஆஜராகு. வராவிட்டால் ‘ஃபெயில்ட் டு அப்பியர்’, பெயர்ச்சொல் ‘நான்-அப்பியரன்ஸ்’. தேர்வு எழுத வராதவர் ‘டிட் நாட் அப்பியர்’ அல்லது வெறும் ‘ஆப்ஸென்ட்’. ‘டிஸப்பியர்ட் ஃப்ரம் தி எக்ஸாம்’ என்றால் பாதியில் எழுந்து ஓடிவிட்டார் என்று ஆகும். ‘ஹி அப்பியர்ஸ் டயர்ட்’, சோர்வாகத் தெரிகிறார், என்பதற்கு டிஸப்பியரில் எதிர்ச்சொல்லே கிடையாது.

‘டிஸப்பியரிங் மெசேஜ்’ உண்மையிலேயே மறைகிறதா?

இலக்கணப்படி, ‘டிஸப்பியரிங்’ இங்கே பெயரெச்சம் போல நிற்கிறது: மறையும் செய்தி. ‘டிஸப்பியர்ட் மெசேஜ்’ என்றால் ஏற்கெனவே போனது.

வாட்ஸ்அப்பில் இது 2020 நவம்பரில் ஏழு நாள் கெடுவோடு வந்தது. 2021 டிசம்பரில் 24 மணி நேரம், 90 நாள் சேர்ந்தன. கெடு முடிந்ததும் உரையாடலிலிருந்து போய்விடும். ஆனால் அதற்குள் ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருந்தால், மறையாத இன்னொரு உரையாடலுக்கு ஃபார்வர்டு செய்திருந்தால், படம் தானாக கேலரியில் இறங்கியிருந்தால், அவையெல்லாம் அப்படியே இருக்கும். வசதியை இயக்குவதற்கு முன் அனுப்பியவையும் போகாது. முதல் கேள்வியில் சொன்ன இரண்டு பொருளில் இது பெரும்பாலும் முதல் பொருளோடு நின்றுவிடுகிறது.

பேச்சு வழக்கில் எங்கெல்லாம் வரும்?

வடை வைத்த வேகத்தில் காலி: ‘தி வடாஸ் டிஸப்பியர்ட் இன் மினிட்ஸ்’. பாத்திரம் கழுவும் நேரம் பார்த்து நழுவுகிறவர் செய்வது ‘டிஸப்பியரிங் ஆக்ட்’. பழகிக்கொண்டிருந்தவர் திடீரென்று பதில் போடுவதை நிறுத்தினால் ‘கோஸ்டிங்’. அது செய்யப்பட்டவரை ஏற்கும் வினை, ‘ஹி கோஸ்டட் ஹெர்’. ரொம்ப நாளாக ஆளையே காணோமே என்பதற்கு ‘ஹேவண்ட் சீன் யூ இன் ஏஜஸ்’. இதில் டிஸப்பியரே தேவையில்லை.

வேனிஷிங் கிரீமில் எது வேனிஷ் ஆகிறது?

கிரீம்தான், அதுவும் கண்ணுக்கு மட்டும். ஸ்டியரிக் அமிலத்தில் ஒரு பகுதியைக் காரத்தோடு சேர்த்துச் சோப்பாக்கி, நிறைய நீரில் கலக்கிச் செய்யும் வெள்ளைக் கலவை அது. தேய்த்ததும் நீர் ஆவியாகிவிடும். மிஞ்சும் படலம் மெல்லியது, பளபளக்காது, அதனால் தெரியாது. எண்ணெய்ப் பசை மேலேயே நிற்கும் கோல்ட் கிரீமிலிருந்து பிரித்துக் காட்ட இந்தப் பெயர். பம்பாயில் 1919-இல் வந்த ஆப்கன் ஸ்னோ இந்த வகைதான். பழைய தலைமுறை ‘ஸ்னோ, பவுடர்’ என்று சொன்ன ஸ்னோவும் இதுவே. வேனிஷின் லத்தீன் வேருக்கு வெறுமை என்று பொருள். வேனிட்டி என்ற சொல்லும் அதே வேரில் முளைத்தது, ஆகவே வேனிட்டி பேக்கில் வேனிஷிங் கிரீம் வைத்திருந்தவர்கள் ஒரே குடும்பத்துச் சொற்களைச் சுமந்திருக்கிறார்கள்.